பிரிப்பதற்கு முன்: பழைய பைக்கின் கிளட்ச், கியர் கோளாறைக் கண்டறிதல்

பழைய பைக்குக்கு வரும் கோளாறுகளில் ஆளை அதிகம் பயமுறுத்துவது கியர் பாக்ஸ். "கியர் விழ மாட்டேங்குது", "கியர் தெறிக்குது", "முறுக்கினா சத்தம்தான் வருது, வண்டி இழுக்கல" என்று சொன்ன மாத்திரத்திலேயே இன்ஜினை இறக்க வேண்டியிருக்குமோ என்ற கவலை வந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை எந்த மூடியையும் கழற்றாமலே, வெளியில் தொடங்கி உள்ளே போகும் வரிசையில் சோதித்து இனம் பிரித்துவிடலாம். அப்படி இனம் பிரிக்காமல் ஸ்பேனரை எடுப்பது வயதான வண்டிக்கு நல்லதல்ல.

இந்த வரிசைக்கு அடிப்படை வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர், 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ்.100 ஆகியவற்றில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. கிளட்ச் கேபிளைச் சரிசெய்யக் கால் மணி நேரம் போதும். கிளட்சைப் பார்க்க ஆயிலை வடித்து வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். கியர் பல்லைப் பார்க்கவோ, இன்ஜினையே வண்டியிலிருந்து இறக்கி நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் செலவு பல மடங்கு கூடுகிறது. மூன்று இடத்துக் கோளாறும் ஓட்டுபவரின் காலுக்கும் கைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும் என்பதுதான் சிக்கல். கியர் விழாததற்குக் கேபிள் தளர்ந்திருப்பதும் காரணமாகலாம், பிளேட் நெளிந்திருப்பதும் காரணமாகலாம், கியர் மாற்றும் ஃபோர்க் வளைந்திருப்பதும் காரணமாகலாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் காவிரி டெல்டாக்காரர்கள் முதலில் வாய்க்காலை வெட்டிப் பார்ப்பதில்லை. தலைமதகின் பலகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கி வருவார்கள். கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரை விசை போகும் வழியையும் அதே ஒழுங்கில் பார்க்க வேண்டும்.

இங்கே பேசப்படுவது கியர் உள்ள வண்டிகளைப் பற்றி மட்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற மொபெட்டுகளில் கிளட்ச் வேகத்துக்கு ஏற்பத் தானே பிடித்துக்கொள்ளும்; கை லிவரும் இல்லை, கியரும் இல்லை. அவற்றின் சோதனை முறையே வேறு.

சமவெளி மறைக்கும் குறை

கிளட்ச் குறைகள் இரண்டே இரண்டு. முழுதாகப் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று. முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பது மற்றொன்று. முதலாவதை 'ஸ்லிப்' என்று எல்லாப் பட்டறைகளிலும் சொல்வார்கள். இரண்டாவதற்கு அப்படி ஒரு பொதுப்பெயர் இல்லாததால், அது பெரும்பாலும் கியர் பாக்ஸ் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஸ்லிப்பைக் கண்டுபிடிக்க மேடேறிப் பார் என்பது பொதுவான அறிவுரை. மலைச்சாரலில் இருப்பவருக்கு அது பொருந்தும், டெல்டாவில் இருப்பவருக்குப் பொருந்தாது. திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நன்னிலம் என்று எந்தப் பக்கம் போனாலும் தரை பாய் விரித்தது போல் கிடக்கிறது. பாரம் ஏற்றாத பைக்கைச் சமதரையில் ஓட்டக் கிளட்ச் பெரிதாக எதையும் தாங்க வேண்டியதில்லை. அதனால் தேய்ந்த கிளட்சும் மாதக்கணக்கில் நல்லதுபோல் நடிக்கும். சம்பா அறுவடை முடிந்து பின்சீட்டில் நெல் மூட்டை ஏறும்போதோ, ஆடிக் காற்றுக்கு எதிராகப் போகும்போதோதான் குட்டு வெளிப்படும். அதற்குள் பிளேட் கருகி, அந்தச் சூட்டில் இடையிடையே உள்ள ஸ்டீல் பிளேட்டும் நெளிந்திருக்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் ஸ்லிப் சோதனையை நாமே தேடிப் போய்ச் செய்ய வேண்டும்.

அதைச் செய்யும் முறை இது. வண்டியைக் கால் மணி நேரமாவது ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆளில்லாத நேரான சாலையில், டாப் கியரில், 35–40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்குங்கள். நல்ல கிளட்சில் இன்ஜின் சத்தமும் வேகமும் கட்டிப்போட்டதுபோல் சேர்ந்தே ஏறும். சத்தம் மட்டும் சட்டென்று உயர்ந்து, வேகம் தயங்கிப் பின்னால் வந்தால் அது ஸ்லிப். பின்சீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டோ, ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போதோ செய்தால் விடை இன்னும் தெளிவாக வரும். சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. குறை இன்ஜினிலோ, கார்புரேட்டரிலோ, பிடித்துக்கொண்டிருக்கும் பின்பிரேக்கிலோ இருக்கிறது. சேற்றுத் தண்ணீரில் போய் வரும் வண்டிகளில் டிரம் பிரேக்கின் கேம் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது சாதாரணம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

கிக் லிவரும் ஒரு சாட்சி. நியூட்ரலில் கிளட்சைப் பிடித்தபடி கிக்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். இன்ஜினைச் சுற்றாமல் லேசாக இறங்கினால், அந்த வண்டியில் உதைக்கும் விசை கிளட்ச் வழியாகத்தான் போகிறது என்று பொருள். பழைய புல்லட் அந்த வகை. அப்படிப்பட்ட வண்டியில் கிளட்சைப் பிடிக்காமல் உதைக்கும்போதும் கிக் வழுக்கிக்கொண்டு இறங்கினால், ஓட்டிப் பார்க்காமலே ஸ்லிப் என்று முடிவு செய்யலாம்.

கியர் பாக்ஸ் மேல் விழும் வீண்பழி

இரண்டாவது குறை இழுப்பு. கிளட்சை முழுதாகப் பிடித்த பிறகும் பிளேட்டுகள் முற்றிலும் பிரியாமல், இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாது. முதல் கியர் 'டம்' என்று விழும். கிளட்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி முன்னால் ஊரும் அல்லது அணைந்துபோகும். நீடாமங்கலம் ரயில்வே கேட் போன்ற இடத்தில் காத்து நிற்பவர் கியரிலேயே கிளட்சைப் பிடித்தபடி நிற்க நேர்ந்தால், அந்தச் சில நிமிடத்தில் பிளேட்டுகள் உரசிச் சூடேறி இழுப்பு இன்னும் மோசமாகும்.

இதையும் உண்மையான கியர் பாக்ஸ் கோளாறையும் பிரித்துக் காட்டும் சோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜினை அணைத்துவிடுங்கள். வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டு, மறுபடி நியூட்ரலுக்கு வாருங்கள். உருட்டுவது அவசியம், நின்ற நிலையில் கியரின் பற்கள் ஒன்றுக்கொன்று நேரெதிராக முட்டி நிற்கலாம், அது கோளாறு அல்ல. இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் வெண்ணெய்போல் விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குற்றவாளி கிளட்ச். அணைத்த பின்பும் விழ மறுத்தால்தான் கியர் மாற்றும் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜினை இறக்கச் சொல்லி வரும் எந்த யோசனைக்கும் சம்மதிக்கும் முன்பு இந்த ஒரு சோதனையின் விடை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

லிவரின் தளர்ச்சி எந்தப் பக்கம் நகர்கிறது?

ஸ்லிப்போ இழுப்போ, அடுத்துப் பார்க்க வேண்டியது கிளட்ச் லிவரின் தளர்ச்சி. லிவரைப் பிடிக்கத் தொடங்கி, கேபிள் இறுகிக் கனம் தெரியும் வரை உள்ள வெற்று அசைவு அது. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் லிவரின் நுனியில் 10–20 மி.மீ. இருக்க வேண்டும். சில தயாரிப்புகளில் இதை லிவரின் அடியில் அளப்பார்கள். அங்கே 2–3 மி.மீ. போதும். எந்த இடத்தில் அளப்பது என்பதை உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தளர்ச்சி இல்லவே இல்லை என்றால், கையை எடுத்த பிறகும் கிளட்ச் சற்றே அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும், விளைவு ஸ்லிப். தளர்ச்சி மிகுந்தால் முழுதாகப் பிடித்தாலும் பிளேட் பிரியாது, விளைவு இழுப்பு.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். கடைசியாகச் சரிசெய்த நாளிலிருந்து இந்தத் தளர்ச்சி கூடிக்கொண்டு போகிறதா, குறைந்துகொண்டு போகிறதா? கேபிள் நீண்டாலோ, லிவரின் ஆணித்துளை தேய்ந்தாலோ தளர்ச்சி கூடும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் தளர்ச்சி குறையும். பிளேட் மெலிய மெலிய, அதை அழுத்தும் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கின் தள்ளலில் இன்னும் நெருங்கி வருகிறது. அந்த நகர்வு கிளட்சை விடுவிக்கும் திசைக்கு நேர் எதிரானது. அதனால் விடுவிக்கும் அமைப்பு தள்ளப்பட்டு, கேபிளில் இருந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. ஆகவே, கேபிளை அடிக்கடி தளர்த்திவிட வேண்டியிருந்தால் உள்ளே பிளேட் கரைகிறது. அடிக்கடி இறுக்க வேண்டியிருந்தால் வெளியே கேபிளோ லிவரோ தேய்கிறது. தேதியோடு ஒரு சிறு நோட்டில் குறித்து வைப்பவருக்கு, மூடியைக் கழற்றாமலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும்.

கேபிளைத் தனியாகவும் சோதிக்க வேண்டும். இன்ஜின் பக்க முனையைக் கழற்றிவிட்டு உள்கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். நடவுக் காலத்துக் களிமண் சேறு கீழ்முனையில் ஏறிக் காய்ந்தால் சிமெண்ட்போல் பிடித்துக்கொள்ளும். முத்துப்பேட்டை போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று உள்கம்பியை அரிக்கும். லிவர் முனையில் கம்பியின் நரம்புகள் ஒன்றிரண்டு அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்டிலை இடம் வலமாக முழுதும் திருப்பும்போது தளர்ச்சி மாறினால், கேபிள் போகும் பாதை தவறு. கேபிளைக் கழற்றியிருக்கும் இந்த நேரத்திலேயே, இன்ஜினின் மேல் உள்ள கிளட்ச் ஆர்மைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது பட்டென்று தன் இடத்துக்குத் திரும்பாவிட்டால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

ஒரே வண்டியில் ஸ்லிப்பும் இழுப்பும் சேர்ந்தே இருந்தால் என்ன செய்வது? தளர்ச்சி ஒரே நேரத்தில் அதிகமாகவும் குறைவாகவும் இருக்க முடியாது. ஆகவே கேபிள் தடையில்லாமல் ஓடி, தளர்ச்சியும் அளவாக இருந்தும் இரண்டு குறையும் சேர்ந்து வந்தால், காரணம் ஆயிலிலோ உள்ளேயோதான்: நெளிந்த ஸ்டீல் பிளேட், அல்லது பள்ளம் விழுந்த கிளட்ச் ஹவுசிங். மூடியைக் கழற்றச் சொல்லும் முதல் நியாயமான சான்று இது.

ஆயில் சொல்லும் சாட்சி

ஸ்ப்ளெண்டர் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில்தான் மிதக்கின்றன. ஆகவே ஆயிலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அடி மூன்றுக்கும் விழும். ஜப்பானில் 1998இல் வகுக்கப்பட்ட ஜாசோ தரம் இருசக்கர நான்கு ஸ்ட்ரோக் ஆயில்களை எம்.ஏ., எம்.பி. என்று பிரிக்கிறது. ஆயிலில் ஊறியபடியே பிடிக்க வேண்டிய கிளட்சுக்கு எம்.ஏ. வகை, எம்.பி. வகையில் உராய்வு குறைவு. கியரில்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் ஊறுவதில்லை என்பதால் அதற்கு எம்.பி. ஆயில் பொருந்தும். வீட்டில் ஸ்கூட்டரும் பழைய பைக்கும் சேர்ந்திருந்தால், ஸ்கூட்டருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தைப் பைக்கில் ஊற்றும் ஆசை வரும். அதன்பின் நல்ல பிளேட்டும் வழுக்கலாம். எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று விளம்பரமாகும் சில கார் ஆயில்களிலும் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. "டிராக்டர் ஆயில் கெட்டியா இருக்கும், பழைய வண்டிக்கு அதுதான் நல்லது" என்ற பேச்சுக்கும் இதே பதில்தான்: கெட்டித்தன்மை வேறு, கிளட்ச் பிடிப்புக்கான தரம் வேறு. டப்பாவில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்கிறதா என்பதும், கையேட்டில் சொன்ன கிரேடு அதுதானா என்பதும்தான் கேள்வி. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் காலையில் பிளேட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இழுப்பையும் உண்டாக்கும்.

ஆகவே, குறை தொடங்கிய நாளும் ஆயில் மாற்றிய நாளும் அடுத்தடுத்து வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வந்தால் சரியான ஆயிலுக்கு மாற்றி, சில நாள் ஓட்டிய பிறகே அடுத்த முடிவு. வடித்த ஆயிலை வீணாகக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கு இது நேரும், ஸ்டீல் பிளேட் துருப்பிடிக்க இதுவே போதும். கருகிய நாற்றத்தோடு கறுப்புத் துகள் இருந்தால் கிளட்ச் பிளேட் உதிர்கிறது. மினுக்கும் துகளுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டாமல் கிடப்பது அலுமினியம். கிளட்ச் ஹவுசிங்கிலிருந்து வந்திருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் நுண்பொடி ஓரளவு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும். ஆனால் விரலுக்குத் தட்டுப்படும் எஃகுச் சில்லு ஒன்று கிடைத்தாலும் அது கியர் பல்லின் மரண அறிவிப்பு. அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

ஆர்.எக்ஸ்.100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயில் தனி. அது வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே போய், சைலன்சரில் வெள்ளைப் புகை மிகுந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் கிழிந்து ஆயில் இன்ஜினுக்குள் உறிஞ்சப்படுகிறது. ஆயில் இல்லாமல் சூடாகும் கிளட்சுக்குப் புதுப் பிளேட் போட்டு என்ன பயன்? சீலை மாற்றாதவரை புதியதும் கருகும்.

தெறிப்பும் சத்தமும்

கியர் 'தெறிக்கிறது' என்ற புகாரைக் கேட்டால், கியர் பாக்ஸுக்குள் நுழையும் முன்பு சக்கரத்துச் செயினைப் பாருங்கள். பற்கள் கொக்கிபோல் வளைந்து தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில், பாரம் ஏறும்போது செயின் ஒரு பல்லைத் தாண்டிக் குதிக்கும். காலுக்கும் காதுக்கும் அது கியர் தெறிப்பதுபோலவே இருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே மாற வேண்டும். சாலையில் நெல் காயும் மாதங்களில் வைக்கோல் முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி இறுகிச் செயினைத் தூக்கும். அதன் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய இரண்டு போல்ட்டு வேலை. பின்சக்கர ஹப்பில் உள்ள ரப்பர் தேய்ந்தால் ஆக்சிலேட்டரை விட்டு முறுக்கும்போதெல்லாம் 'டக்' என்று உதைக்கும். அதையும் கியர் மேல் ஏற்றக்கூடாது.

அடுத்தது கியர் லிவர். கீழே விழுந்து எழுந்த வண்டியில் லிவர் வளைந்து மூடியில் இடிக்கலாம். அல்லது பல் தேய்ந்து ஷாஃப்டின் மேல் வெறுமனே சுற்றலாம். இரண்டிலும் உள்ளே உள்ள அமைப்பு முழுதாக நகராது; கியர் அரைகுறையாக விழுந்து வெளியே வந்துவிடும். காலை எடுத்ததும் லிவர் தானாக நடுநிலைக்குத் திரும்பாமல் தொங்கினால் திரும்பு ஸ்பிரிங் முறிந்திருக்கிறது. பல வண்டிகளில் அது கிளட்ச் பக்க மூடிக்குள்ளேயே இருப்பதால் இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சரியாக இருந்து கியர் தெறித்தால், எந்த கியர் என்பதே விடை. ஒரே கியர் மட்டும், பாரத்தோடு முறுக்கும்போது வெளியே வந்தால் அந்த கியரின் பக்கப்பற்கள் மழுங்கியிருக்கின்றன அல்லது அதன் ஃபோர்க் வளைந்திருக்கிறது. எல்லா கியரும் முறையில்லாமல் தெறித்தால், கியரைத் தன் இடத்தில் நிறுத்தி வைக்கும் ஸ்டாப்பரும் அதன் ஸ்பிரிங்கும் சந்தேகத்துக்குரியவை. முன்னதற்கு இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பின்னது பல வண்டிகளில் பக்க மூடியோடு முடிந்துவிடும். 'கியர் தெறிக்கிறது' என்று மட்டும் சொல்வதற்கும் 'மூன்றாவது மட்டும், முறுக்கும்போது மட்டும் தெறிக்கிறது' என்று சொல்வதற்கும் இடையே ஒரு முழு இன்ஜின் வேலையின் செலவு இருக்கிறது.

சத்தத்தையும் இப்படியே பிரிக்கலாம். இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்ச் லிவரைப் பிடித்து விடுங்கள். பிடித்ததும் நிற்கும் சத்தம், கிளட்ச் ஹவுசிங்கின் ஆட்டத்திலிருந்தோ கியர் பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்தோ வருகிறது. பிடித்தால் மட்டும் வரும் சத்தம் கிளட்சை விடுவிக்கும் பேரிங்கினுடையது. ஒரே கியரில் மட்டும் கேட்பது அந்த கியரின் பல். இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளும்போதும் கேட்டால் அது செயின், சக்கரம் சார்ந்தது.

புல்லட்டுக்குத் தனி நியாயம்

1955இல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின் பழைய நான்கு கியர் வண்டிகளில் இந்த வரிசை சற்று மாறும். அதில் இன்ஜின் வேறு, கியர் பாக்ஸ் வேறு. கிளட்ச் இடப்பக்கப் பெட்டியில் பிரைமரி செயினோடு இருக்கிறது. ஆயிலும் மூன்று இடத்தில் தனித்தனி. ஆகவே இன்ஜின் ஆயிலை வைத்துக் கிளட்சைக் கணிக்க முடியாது. பிரைமரி பெட்டியின் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். கிளட்ச் ஸ்பிரிங் திருகுகளைச் சமமாக இறுக்காவிட்டால் பிரஷர் பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். ஒரு பக்கம் பிரிய, மறுபக்கம் ஒட்டிக்கொண்டு இழுக்கும். மூடியைக் கழற்றிக் கிளட்சைப் பிடித்துக் கிக்கைச் சுற்றினால் இந்தக் கோணல் கண்ணுக்கே தெரியும். நெடுநாள் நின்ற புல்லட்டில் ஒட்டிக்கொண்ட பிளேட்டுகளைப் பிரிக்கவும், கிளட்சைப் பிடித்தபடி சில முறை கிக்கை மிதிப்பதே வழி. கியர் பாக்ஸை இன்ஜினைத் தொடாமலே திறக்கலாம் என்பதால் இங்கே செலவு குறைவு. ஆனாலும், கால்லிவர் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் பிடித்தால், முதலில் கால்லிவர் அமைப்பின் அட்ஜஸ்ட்மென்டைச் சரிபாருங்கள். பல் வரை போக வேண்டியிருக்காது.

மாற்றுக் கருத்துகள்

இவ்வளவு சுற்றுவானேன், பிரித்துப் பார்த்துவிட்டால் கண்ணாலேயே தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். தெரியாது என்பதே பதில். இழுப்பு, ஓடும் இயந்திரத்தின் குறை. மேசை மேல் கிடக்கும் பிளேட்டில் அது தெரிவதில்லை. கேபிளின் தளர்ச்சி, ஆயிலின் தன்மை, சூட்டில் மட்டும் வரும் வழுக்கல் ஆகிய சான்றுகளெல்லாம் பிரித்த நொடியில் அழிந்துபோகின்றன. இருபது, முப்பது வருடம் ஆன அலுமினியக் கூட்டில் திருகும் மரையும் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பலவீனமாகும்; பழைய கேஸ்கெட் கிழியும்; ஒழுகல் புதிதாகத் தொடங்கும்.

கிளட்ச் பிளேட் விலை அதிகமில்லை, மொத்தமாக மாற்றிவிடுவதே சுலபம் என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. பிளேட் மாற்றும்போது கூடவே ஆயிலும் மாறும், கேபிளும் சரிசெய்யப்படும். குறை போய்விட்டால் எதனால் போனது என்று தெரியாது. ஒட்டிப்பிடிக்கும் கேபிளோ, பொருந்தாத ஆயிலோதான் காரணம் என்றால், அதே கேபிளும் அதே ஆயிலும் புதுப் பிளேட்டையும் தின்னும். பிளேட் மாறிய சில மாதத்தில் அதே புகார் திரும்பினால், பிளேட்டின் தரத்தைக் குறை சொல்லும் முன்பு இதை நினைக்க வேண்டும்.

கைதேர்ந்த மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார் என்பது மூன்றாவது. உண்மைதான், அந்தத் திறமைக்கு மரியாதை உண்டு. அவர் மனத்துக்குள் வேகமாகச் செய்வதும் இதே சோதனைகளைத்தான். ஆனால் குறை இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகு, மூட்டையோடு, மூன்றாவது கியரில் வருகிறது என்றால், பட்டறைத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருபவருக்கு அது எப்படித் தெரியும்? அந்தச் சான்று வண்டியை ஓட்டுபவரிடம் மட்டுமே இருக்கிறது. அதைத் தெளிவாகச் சொல்வது மெக்கானிக்கின் வேலைக்குத் துணை.

பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது கடைசி வாதம். வயது வண்டியை மெல்ல மெல்லத் தளர்த்தும். ஒரு வாரத்தில் குணத்தை மாற்றாது. திடீரென்று வந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடினால் கிடைக்கும்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால்

சான்றுகள் கிளட்சையே காட்டினால் மூடியைத் தயங்காமல் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்தில் இருங்கள். பிளேட்டின் கனத்தை வெர்னியரால் அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஃபீலர் கேஜை நுழைத்து நெளிவைப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டின் தடம். ஸ்பிரிங்குகளின் நீளத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் லேசாக இருந்தால் அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்றுவதுதான் சரி, ஏனெனில் அதிகம் அராவிய இடத்தில் எல்லா பிளேட்டும் சமமாகப் பாரம் தாங்காது. புதுப் பிளேட்டை ஆயிலில் ஊறவைத்த பின்பே மாட்ட வேண்டும். இரண்டு குறைகள் சேர்ந்திருப்பதாகத் தோன்றினால் வெளியில் உள்ளதை முதலில் சரிசெய்து, மறுபடி எல்லாச் சோதனையையும் செய்யுங்கள். பல நேரங்களில், உள்ளே இருப்பதாக நினைத்த குறையும் அதோடு போய்விடும்.

பட்டறைக்குப் போகும் முன் ஐந்து விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறை சூட்டிலா, குளிரிலா? இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் விழுகிறதா? எந்த கியர்? லிவரின் தளர்ச்சி கூடுகிறதா, குறைகிறதா? கடைசியாக ஊற்றியது எந்த ஆயில், எப்போது? இந்த ஐந்துக்கும் விடை இல்லாதவரை, உங்கள் வண்டியின் இன்ஜினைப் பிரிக்க யாருக்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.